எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு எது: தளத்தில் வான் டெர் போலா, டோரஸா?

நாகமலை புதுக்கோட்டையில் எம்.எஸ்ஸி. படித்தபோது மெது-வேக அமைப்புகளில், அதாவது ஒரு மாறி வேகமாகவும் இன்னொன்று மிக மெதுவாகவும் மாறும் சமன்பாடுகளில், புராஜெக்ட் எடுத்தேன். முன்னால் இரண்டு வழி இருந்தது: தட்டையான தளத்தில் ஓடும் வான் டெர் போல் அலைவுச் சமன்பாடு, இல்லையென்றால் டோரஸில், அதாவது வடை வடிவப் பரப்பில், ஓடும் சமன்பாடு. நான் டோரஸ் பக்கம் போனேன். இப்போது ஜூனியர்கள் கேட்கிறார்கள், அதற்காக இது.

வான் டெர் போலுக்குப் பாடப்புத்தகம் உண்டு, எழுதிவைத்த புரோகிராமும் உண்டு. வைவாவில் யாருக்கும் புரியும். டோரஸில் அந்தச் சௌகரியம் கிடையாது.

விஷயம் கனார்டில்தான் இருக்கிறது. வேக மாறி அசையாமல் நிற்கும் புள்ளிகளின் கோடுதான் மெதுவளைவு; அதில் பாதைகளை இழுக்கும் கிளை நிலையானது, விலக்கும் கிளை நிலையற்றது. மெதுவளைவின் நிலையான கிளையில் வந்த பாதை, திருப்பத்தில் குதித்து ஓடாமல் நிலையற்ற கிளையையும் ஒட்டியே போனால் அது கனார்ட். தளத்தில் இதைப் பிடிக்க எப்சிலானோடு (மெது வேகத்துக்கும் விரைவு வேகத்துக்கும் உள்ள விகிதம், மிகச் சிறிய எண்) இன்னொரு அளவுருவையும் திருக வேண்டும். எப்சிலான் 0.01 என்றால் அந்த அளவுரு 0.99874-ஐ ஒட்டி நிற்க வேண்டும். பிறகும் இலக்கம் இலக்கமாகக் கூட்டினால்தான் கனார்ட் முழுதாக வளரும். அளவுருவை ஓரிடத்தில் நிறுத்தி எப்சிலானை மட்டும் குறைத்தால் கைநழுவிவிடும்.

டோரஸில் அந்த இரண்டாவது திருகே வேண்டாம். 2001-இல் கணிதவியலாளர்கள் குக்கென்ஹைமரும் இல்யாஷென்கோவும் காட்டியது இதைத்தான். எக்ஸ், ஒய் இரண்டும் கோணங்கள்; எக்ஸின் வேகம் 1.5 − காஸ் எக்ஸ் − காஸ் ஒய், ஒய்யின் வேகம் எப்சிலான் என்று வையுங்கள். மெதுவளைவு ஒய் −60 பாகையிலிருந்து 60 பாகை வரை ஒரு மூடிய வளையம்; இடக்கிளை நிலையானது, வலக்கிளை நிலையற்றது. இடக்கிளையில் வந்த பாதைகளெல்லாம் ஒரே நூலாகத் திரண்டு 60-இல் வெளியேறும். மீதி 240 பாகையைக் கடப்பதற்குள் எக்ஸ், வடையின் ஓட்டைக்குள் நூல் சுற்றுவதுபோல, சுற்றிக்கொண்டே இருக்கும். எத்தனை சுற்று என்பது எப்சிலானின் தலைகீழுக்கு விகிதம். ஆகவே எப்சிலானைத் துளி குறைத்தாலும் நூல் வந்துசேரும் இடம் வட்டம் முழுக்க நகரும். நகரும்போது வலக்கிளையின் வாசலைத் தொடாமல் போக முடியாது. தொட்டால் கனார்ட். அந்த எப்சிலான் இடைவெளிகள் மிகமிகக் குறுகல், ஆனால் சுழியம் வரை முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். எனக்கு இது ஒன்றே போதுமாக இருந்தது.

இதெல்லாம் குவிந்த மெதுவளைவுக்கு. நெளிவுள்ள வளைவில் சுழல்கள் (தனித்து நிற்கும் மூடிய பாதைகள்) கூடலாம்; அதில் நான் இறங்கியதில்லை. கையில் இரண்டே மாதம், புரோகிராமும் புதிது என்றால் வான் டெர் போலையே எடுங்கள்.

டோரஸ் எடுப்பவர்கள் நிலையற்ற கிளையை முன்னோக்கித் துரத்த வேண்டாம், கணினியின் வழக்கமான எண் துல்லியம் (டபுள் பிரிசிஷன்) தாங்காது. −60-ஐ நோக்கிக் காலத்தைப் பின்னோட்டினால் அது தானே இழுத்துக்கொள்ளும். அந்தப் பாதையும் 60-இல் கிளம்பும் நூலும் ஒய் 180-இல் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். இரண்டும் பொருந்தும் எப்சிலானில் கனார்ட் இருக்கிறது.