டெர்வெல் பாடும் 'சாங்ஸ் ஆஃப் டிராவல்': ஒன்பதாவது பாட்டு வரை இருந்து கேளுங்கள்

பிரின் டெர்வெல்லின் 'தி வேகபாண்ட்' ஆல்பம் கையில் இருந்தால் ஒரு வேண்டுகோள். அதில் 'சாங்ஸ் ஆஃப் டிராவல்' என்ற தொடராக வருகிற முதல் ஒன்பது பாட்டையும் வரிசை மாற்றாமல், நடுவில் எழுந்து போகாமல் கேளுங்கள், சுமார் 25 நிமிடம்தான். நான் ரொம்ப நாள் பிடித்த மூன்று பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். முழுசாகக் கேட்ட அன்றுதான் இது ஒரு மனிதனின் வாழ்க்கை என்று உறைத்தது.

டாய்ச்ச கிராமஃபோன் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ஆல்பம். பாடகர் டெர்வெல் வேல்ஸ்காரர், பியானோ மால்கம் மார்ட்டினோ. ஒன்பது பாட்டுக்கும் கவிதை ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், இசை ரேஃப் வான் வில்லியம்ஸ். 1901-இலிருந்து 1904-க்குள், முப்பது வயதையொட்டி எழுதியவை.

முதல் பாட்டு நாடோடியின் பாட்டு. பியானோவின் கீழ்ச்சுரங்கள் சாலையில் நடக்கிற பூட்ஸ் காலடி மாதிரியே விழுகின்றன. செல்வம் வேண்டாம், நண்பன்கூட வேண்டாம், மேலே வானமும் கீழே பாதையும் போதும் என்கிறான். டெர்வெல் இரண்டு சரணம் கம்பீரமாகப் பாடிவிட்டு, இலையுதிர்காலம் வருகிற மூன்றாவது சரணத்தில் குரலைக் கிட்டத்தட்ட ரகசியம் பேசுகிற அளவுக்கு இறக்குகிறார் பாருங்கள், குளிர் நமக்கே தெரியும்.

நான்காவது பாட்டில், காதலை விட்டுவிட்டு அவன் நடந்துபோகிற இடத்தில், பியானோவில் அந்தப் பழைய நடையும் முந்தைய காதல் பாட்டின் மெட்டும் எட்டிப்பார்க்கும். மார்ட்டினோ அதை அழுத்திக் காட்டுவதில்லை. பின்னணியில் வாசிக்கிறவர் என்று இவரைச் சொல்லவே மனம் வரவில்லை, பாதிக் கதை அவர் விரலில்தான் இருக்கிறது.

எனக்கு உயிர் ஏழாவது பாட்டு. 'இனி எனக்கு வீடு வீடில்லை' என்று தொடங்குகிறது. எடின்பரோவில் பிறந்த ஸ்டீவன்சன் 1887-இல் கிளம்பியவர் ஸ்காட்லாந்துக்குத் திரும்பவே இல்லை, 1894-இல் சமோவா தீவில் 44 வயதில் இறந்துபோனார். வசந்தம் திரும்பி வரும், நான் வரமாட்டேன் என்கிற அந்தக் கடைசிச் சரணத்தை இது தெரிந்துகொண்டு கேட்பது வேறு. மெட்டு ஏதோ பழைய நாட்டுப்பாடல் போல இருக்கும், ஆனால் வான் வில்லியம்ஸ் நாட்டுப்பாடல் சேகரிக்கத் தொடங்கியதே 1903 கடைசியில், இந்தப் பாட்டு 1902-லேயே அச்சாகிவிட்டது!

சரி, குறை இல்லாமல் இல்லை. டெர்வெல் ஓபரா மேடைக்காரர், அந்தக் குரல் மூன்றாவது பாட்டுக்குக் கொஞ்சம் பெரிது. காதலியிடம் சின்னச் சின்ன வாக்குறுதி கொடுக்கிற பாட்டு அது, அங்கே சில சொற்களை அவர் வேண்டியதற்கு மேல் அழுத்துகிறார். இன்னும் மெலிந்த குரல் ஒன்று பாடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

எட்டாவது பாட்டில் பாடகன் இறந்தபின்னும் அவன் பாட்டு பாடப்படுகிறது. 1904-இல் லண்டனில் முதலில் பாடியபோது தொடர் அதோடு முடிந்துவிட்டது. ஒன்பதாவது பாட்டு வான் வில்லியம்ஸ் 1958-இல் இறந்தபிறகு மனைவி அர்சுலா அவருடைய தாள்களுக்குள் கண்டெடுத்தது, 1960-இல்தான் வெளியானது. தனியாகப் பாடக்கூடாது, தொடர் முழுவதையும் பாடினால் மட்டுமே கடைசியில் பாடலாம் என்பது அதற்கு நிபந்தனை. வாழ்ந்தாயிற்று, நேசித்தாயிற்று, கதவையும் சாத்தியாயிற்று என்று முடிகிற மிகச் சின்னப் பாட்டு. முதல் பாட்டின் நடை பியானோவில் மறுபடி வருகிறது, இந்தமுறை போகிற வேகம் அதில் இல்லை. அத்தனை பெரிய குரலை டெர்வெல் இங்கே எவ்வளவு சிறிதாக்கிக்கொள்கிறார்! இதற்காகவே வாங்கலாம்.

ஆல்பத்தில் அப்புறம் பட்டர்வொர்த், ஃபின்ஸி, ஜான் அயர்லாந்து என்ற இசையமைப்பாளர்களின் பாட்டுகளும் உண்டு, எல்லாமே தரம். ஆனால் ஒன்பதாவது முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு அப்புறம் தொடருங்கள்.