ஊர் பார்க்க மஸ்டாங், நான் ஓட்ட ஃபால்கன்

பதினோரு வருடமாக என் கராஜில் இரண்டு பழைய ஃபோர்டுகள் நிற்கின்றன. 1963 ஃபால்கன், நாலு கதவு, ஸ்டியரிங் பக்கத்திலேயே மூன்று கியர். இன்னொன்று 1965 மஸ்டாங் கூப்பே, அதாவது இரண்டு கதவு வண்டி, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். டெட்ராய்ட் பக்கம் குடியிருப்பதால், நவம்பரில் பனி உருக ரோட்டில் உப்பு தூவ ஆரம்பித்ததும், துருப்பிடிக்காமல் இருக்க இரண்டையும் போர்த்திவிடுவேன். மறுபடி ஏப்ரலில்தான்.

பெட்ரோல் போட நிறுத்தினால் மஸ்டாங்கைச் சுற்றி ஆள் கூடும். "வி-8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) தானே?" என்பார்கள். ஆறு சிலிண்டர் என்றதும் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். எஞ்சின் அளவு 200 கன அங்குலம், 120 குதிரைத்திறன். ஃபால்கனில் இருப்பது அதே குடும்பத்து 170 கன அங்குல எஞ்சின், 101 குதிரைத்திறன். மஸ்டாங்கே ஃபால்கனின் அடித்தளத்தில் கட்டிய வண்டிதானே! 1964 ஏப்ரலில் 2,368 டாலருக்கு அதைக் கொடுக்க முடிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். என் ஸ்பானர் பெட்டியும் இரண்டுக்கும் ஒன்றேதான்.

ஓட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஃபால்கன் வைப்பர் எஞ்சின் உறிஞ்சும் காற்றில் ஓடுவது. மழையில் மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் வைப்பர் கண்ணாடி நடுவில் அப்படியே நின்றுவிடும். காலை எடுத்தால் பேய் பிடித்த மாதிரி அடிக்கும். மிதி, எடு, பார், மிதி. மின்சாரத்துக்குப் பழைய பாணி ஜெனரேட்டர் வேறு, எஞ்சின் மெதுவாக ஓடினால் அதன் மின்சாரம் போதாது; இரவு சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கும். அதற்குப் பதில் ஆல்டர்னேட்டரும், மின்சார வைப்பரும் உள்ள மஸ்டாங்கில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. ஒரே ஒரு முறை உள்ளே தண்ணீர் ஒழுகி ஷூ நனைந்தது. மேப்பிள் மரத்தடியில் நிறுத்திவிட்டு, கண்ணாடிக்குக் கீழே காற்றுத் துளையில் அடைந்த இலையை எடுக்காமல் விட்டது என் சோம்பல்.

சாமான் விஷயத்தில் மஸ்டாங்காரன் ராஜா. கதவு, ஃபெண்டர், சீட் உறை என எல்லாமே புதிதாகச் செய்து விற்கிறார்கள். என் ஃபால்கனின் பின்கதவு இடித்து நசுங்கியபோது, மாற்றுக் கதவுக்கு ஒன்றரை வருடம் அலைந்தேன். கடைசியில் ஒஹாயோவில் ஒரு பழைய வண்டிக் கிடங்கில் கிடைத்தது. கதவோடு ஒரு எலிக்கூடும் இலவசம்.

எதை வாங்கினாலும் முதல் செலவு பிரேக்குக்குத்தான். இரண்டிலும் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே சுற்று. ஒரு குழாய் போனால் நாலும் போச்சு. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் மாட்டிய பிறகுதான் வீட்டார் வண்டியில் ஏறவே சம்மதித்தார்கள்.

ஆகஸ்டில் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூ சாலையில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கு மட்டும் மஸ்டாங். அந்த நெரிசலில் கிளட்சை மிதித்துக்கொண்டே கிடக்க என் முழங்காலுக்கு ஆகாது. மற்ற நாளெல்லாம் ஃபால்கன் சாவிதான் கையில்.