பாட்டை வாங்குவதா, சந்தா கட்டுவதா?

ஸ்பாட்டிஃபை போன்ற பாட்டு ஆப்புகளுக்குக் கட்டும் சந்தாவின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோடிக்கணக்கான பாட்டுகள், புது ஆல்பம் வந்த அன்றைக்கே கேட்கலாம், பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டுப் போகலாம். இருந்தும் நான் சந்தாவை நிறுத்திவிட்டு, பிடித்ததை மட்டும் விலைக்கு வாங்குகிறேன். பணம் கட்டிய பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்ற ஒரே கேள்விதான் காரணம்.

சந்தாவில் எதுவும் மிஞ்சாது. ஆஃப்லைனில் கேட்க டவுன்லோடு செய்வது பூட்டுப் போட்ட கோப்பு, அந்த ஆப்பைத் தாண்டி எங்கும் திறக்காது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் அதுவும் போய்விடும். சரி, ஒழுங்காகப் பணம் கட்டுகிறோம் என்றாலும், பிளேலிஸ்டைத் திறந்தால் நடுவில் சில பாட்டுகள் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும், தட்டினால் ஓடாது. உரிமம் முடிந்திருக்கும், அல்லது பாடியவரே எடுத்திருப்பார்: நீல் யங் 2022இல் ஸ்பாட்டிஃபையிலிருந்து விலகி 2024இல்தான் திரும்பினார். இதைவிட எரிச்சல், பாட்டின் பெயர் அப்படியே இருக்கும், ஆனால் நாம் கேட்டுப் பழகிய பதிவை எடுத்துவிட்டு ஒலியை மறுபடி சீர்செய்த 'ரீமாஸ்டர்' பதிவை வைத்திருப்பார்கள்.

அதற்காக வாங்கியதெல்லாம் நிலைக்கும் என்றும் சொல்லமாட்டேன். பூட்டுப் போட்டே விற்ற காலமும் உண்டு. 2008இல் யாஹூ தன் பாட்டுக் கடையையும் உரிமம் சரிபார்க்கும் சர்வரையும் மூடுவதாக அறிவித்தபோது, வாங்கியவர்கள் பாட்டைப் புதுக் கணினிக்கு எப்படி மாற்றுவது என்று தவித்தார்கள். ஆப்பிளின் பாட்டுக் கடையான ஐடியூன்ஸ் 2009இல் பூட்டை எடுத்துவிட்டது. ஆனால் கடை எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம், கூகுள் பிளே மியூசிக்கே 2020இல் மூடப்பட்டது. அதனால் வாங்கிய அன்றே கோப்பை இறக்கி, தனித்தனியாக இரண்டு இடத்தில் வைத்துவிட வேண்டும். 320 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 என்றால் நான்கு நிமிடப் பாட்டு சுமார் 10 எம்பி, ஆயிரம் பாட்டு ஒரு சின்ன பென் டிரைவில் அடங்கிவிடும். ஒலியில் எதையும் இழக்காமல் சேமிக்கும் ஃபிளாக் வடிவம் என்றால் இரண்டு, மூன்று மடங்கு இடம் கேட்கும்.

பராமரிப்பு வேலை இருக்கத்தான் செய்கிறது. ஒரே பாடகரின் பெயர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் வந்து, பிளேயரில் மூன்று பேராக நிற்பார். கோப்பில் பதிந்திருக்கும் பெயர் விவரத்தை, அதாவது டேக்கை, திருத்திக்கொண்டு உட்கார எனக்குப் பிடிக்கும், பொறுமையில்லாதவருக்கு அது தண்டனை.

ஒலித்தரத்தைப் பற்றி அடித்துச் சொல்லமாட்டேன். என் சாதாரண இயர்போனில் எம்பி3க்கும் ஃபிளாக்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை, நல்ல ஸ்பீக்கரில் கேட்டுப் பார்த்ததில்லை. அப்புறம் கலைஞருக்குப் போகும் பங்கு: கலைஞர்களே தங்கள் பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக எடுப்பது 15 சதவீதம், சிறு கலைஞர்களின் பாட்டென்றால் நான் முதலில் தேடுவது அங்கேதான்.

வாரா வாரம் புதுப் பாட்டு தேடுகிறவர், வீட்டில் நாலு பேர் நாலு ரசனை என்று இருப்பவர் சந்தாவே கட்டலாம். கேட்ட பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்கிற என் மாதிரி ஆள், மாதம் ஒரு ஆல்பம் வாங்கினாலே போதும்.