கர்நாடகப் பதிவெண்ணை மாற்றித் தருவதாகச் சொல்லி என்னிடம் 46,500 ரூபாய் வாங்கியவர்கள்

இன்று இரவுதான் பெங்களூருவிலிருந்து கோவை திரும்பினேன். கோபம் ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று நானும் சும்மா இருந்துவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

ஒன்பது ஆண்டுகள் பெங்களூருவில் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு கோவைக்கு வந்தேன். 2018-இல் வாங்கிய என் கார் கர்நாடகப் பதிவெண் கொண்டது. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஓரிடத்தில் வைத்திருந்தால், அங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முதலில் பெங்களூருவுக்குப் போய், வண்டியைப் பதிவு செய்த அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், விடுப்பும் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான், வீடு தேடி வந்து எல்லா ஆர்.டி.ஓ. வேலைகளையும் முடித்துத் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு சேவை நிறுவனம் கண்ணில் பட்டது.

மறுநாளே ஓர் இளைஞர் வந்தார். காரின் பானெட்டைத் திறந்து, சேசிஸ் எண் (வண்டியின் அடையாள எண்) பொறித்த இடத்தைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்து, மெல்லிய தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். ஒவ்வோர் எழுத்தாக எண் தாளில் எழுந்து வந்தது. ஓர் இலக்கம் மங்கலாக இருந்ததால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடியும் எடுத்தார். இவ்வளவு அக்கறையாக வேலை செய்கிறவர் ஏமாற்ற மாட்டார் என்று நான் முடிவு செய்தது அந்த நொடியில்தான். என் மனைவி அவருக்கு மோர் கொடுத்தாள். "கவலைய விடுங்க சார், ஒன்றரை மாசத்துல புது நம்பர் பிளேட்டோட வண்டி ஓட்டுவீங்க" என்றார். தமிழ்நாட்டுச் சாலை வரி 34,000, சேவைக் கட்டணம் 9,000, ஓட்டுநர் உரிமத்தைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற 3,500 என்று கணக்குச் சொன்னார். மொத்தம் 46,500 ரூபாயை அவர் காட்டிய கியூ.ஆர். குறியீட்டுக்கு அனுப்பிவிட்டு, வண்டியின் பதிவுச் சான்றான அசல் ஆர்.சி.யையும் கையில் கொடுத்தேன். அதைக் கொடுத்ததை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

பிறகு நடந்ததெல்லாம் சாக்குதான். முதல் மாதம் "சர்வர் டவுன்" என்றார்கள். இரண்டாம் மாதம் கோப்பு அதிகாரியின் மேசையில் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் மாதம் அந்த இளைஞரின் எண் அணைந்துபோனது. அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார் என்றும், பெங்களூரு வேலையைச் செய்வது தங்கள் கூட்டாளி நிறுவனம் என்றும், அவர்களிடமே கேட்டுக்கொள்ளும்படியும் ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு சொன்னார். கூட்டாளியின் எண்ணைக் கேட்டதற்கு, அதைத் தருவதற்குத் தனக்கு அனுமதி இல்லை என்றார். அன்று மாலையே, என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகவும் ஐந்து நட்சத்திரம் அளிக்கும்படியும் குறுஞ்செய்தி வந்தது.

நேற்று அதிகாலை ரயிலேறி, வண்டியைப் பதிவு செய்த அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த ஊழியர் கணினியில் தேடிவிட்டு, என் வண்டிக்குத் தடையில்லாச் சான்று கேட்டு விண்ணப்பமே வரவில்லை என்றார். பிறகு, நான் கொண்டுபோயிருந்த ஆர்.சி. நகலைத் தன் பக்கம் திருப்பி, அதிலிருந்த வங்கியின் பெயர் மீது விரலை வைத்தார். கடன் அடைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் அடமானக் குறிப்பை நான் நீக்கவில்லை. அது இருக்கும்வரை வங்கியின் ஒப்புதல் இல்லாமல் சான்று கிடைக்காது. ஆர்.சி.யைக் கையில் வாங்கியவுடனே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. அந்த இளைஞருக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. உரிமத்துக்கு வாங்கிய 3,500 அதைவிடக் கேவலம். இந்தியாவில் எந்த மாநிலத்தில் வாங்கிய ஓட்டுநர் உரிமமும் நாடு முழுவதும் செல்லும், முகவரியை மாற்ற வேண்டுமானால் அரசின் சாரதி இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம்.

விரிவான வழிகாட்டி எழுதலாம் என்று உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வாகன வரியை யார் கையிலும் கொடுக்காதீர்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே செலுத்துங்கள். அசல் ஆர்.சி.யைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கடன் அடைந்திருந்தால் படிவம் 35 கொடுத்து வங்கியின் பெயரை முதலில் நீக்குங்கள். விண்ணப்ப எண் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 46,500 ரூபாய் திரும்புமா என்று தெரியவில்லை. ஆர்.சி. இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, நகல் ஆர்.சி. வாங்குவதற்காக நாளை காலை காவல் நிலையத்துக்கும், அங்கிருந்து வங்கிக்கும் போக வேண்டும்.