புள்ளிக்கு முன்னால் என்ன வேண்டுமாம்? ஜிசிசியோடு இத்தனை வருடம்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி போன வாரம் கேட்டான்: "அண்ணா, சி++ கத்துக்க ஜிசிசி போதுமா?" ஜிசிசி என்பது நாம் எழுதும் சி++ நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர். போதும் என்று சொல்ல வாயெடுத்தவன், அவன் திரையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

ஒரு ராப்பர் கிளாஸ், அதாவது இன்னொரு பொருளைத் தனக்குள் பொதிந்துவைக்கும் கிளாஸ், எழுதியிருந்தான். அம்புக்குறியை (->) ஓவர்லோட் செய்ய, அதாவது அதன் வேலையை நாமே வரையறுக்க, முடிகிறதே, பொருளின் உறுப்பை எடுக்கும் புள்ளியையும் (.) செய்யலாம் என்று நினைத்து 'operator.' என்று எழுதியிருக்கிறான். நியாயமான ஆசைதான். சி++ஐ உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரூப்பே 2014இல் இதற்காக ஒரு முன்மொழிவு எழுதினார். மொழிக்குள் அது வரவில்லை. கம்பைலர் இவனிடம் சொன்னது என்ன? புள்ளிக்கு முன்னால் ஒரு டைப்-ஸ்பெசிஃபையரை, அதாவது ஒரு டைப்பின் பெயரை, எதிர்பார்த்ததாம். பாவம், இன்ட், ஆட்டோ என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முக்கால் மணி நேரம் போயிருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். 'ஆபரேட்டர்' என்ற சொல்லுக்குப் பிறகு தனக்குத் தெரிந்த குறி எதுவும் வராவிட்டால், 'ஆபரேட்டர் இன்ட்' மாதிரி, ஒரு டைப்பை இன்னொன்றாக மாற்றும் கன்வெர்ஷன் ஃபங்ஷன் எழுதுகிறார்கள் என்று பார்சர் (கம்பைலருக்குள் நிரலைப் படித்துப் பிரிக்கும் பகுதி) எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் டைப் எங்கே என்று கேட்கிறது. பார்சருக்கு அது சரியான கேள்வி. எழுதுகிறவனுக்கோ தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஓவர்லோட் செய்யவே கூடாத குறிகள் நாலுதான்: . .* :: ?: அந்த இடத்தில் இவற்றில் ஒன்று வந்தால் "இதை ஓவர்லோட் செய்ய அனுமதி இல்லை" என்று ஒரு வரி சொன்னால் போதுமே! சொல்லத் தெரியாத கம்பைலரும் இல்லை இது. '=' ஐ கிளாஸுக்கு வெளியே எழுதிப் பாருங்கள், மெம்பர் ஃபங்ஷனாக இருக்க வேண்டும் என்று பளிச்சென்று சொல்லும். இரண்டு இன்ட்டுக்கு '+' எழுதினால், கிளாஸோ ஈனமோ (enum) ஒன்றாவது வேண்டும் என்று விதியையே எடுத்துச் சொல்லும்.

மற்றபடி குறை சொல்ல மனம் வராது. 2013இல் ஜிசிசி 4.8 வந்து, தப்பு இருக்கும் இடத்துக்குக் கீழே அந்தச் சின்னக் கூரைக் குறியை (^) போட்டுக் காட்டிய நாள் இன்னும் நினைவிருக்கிறது. எழுத்துப் பிழைக்கு 'இதையா சொன்னாய்' என்று கேட்பது எத்தனையோ மாலைகளை மிச்சப்படுத்தியிருக்கிறது. நான் வேறு கம்பைலருக்கு மாறப் போவதில்லை.

ஆனாலும் தம்பியிடம் 'போதும்' என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த நாலு குறிகளையும் அவன் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.