சுண்ணாம்பு மலையா, கருங்கல் குவாரியா, சுரங்கப்பாதையா? வெடிவைப்புத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்த இளைஞர்களைத் தோட்டத்துப் பால்மரமும் செம்பனையும் இப்போது அவ்வளவாக ஈர்ப்பதில்லை. தொழிற்சாலை, லாரி, சிங்கப்பூர் என்று பலரும் பிரிந்துபோகிறார்கள். அவர்களுள் சிலர், ஒரு பக்கம் செம்மோரின் குணோங் கந்தானையும் மறுபக்கம் பாடாங் ரெங்காஸ் வழியிலுள்ள குணோங் போண்டோக்கையும் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, கல்குவாரியில் வெடி வைக்கும் வேலையைப் பற்றி விசாரிக்கிறார்கள். அப்படி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்தில்தான் தொடங்குகிறார்கள். எந்தக் கல்லில், யாருக்குக் கீழே வேலை பழகப் போகிறோம் என்பதை அதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. சுண்ணாம்புக் கல், கருங்கல், சுரங்கப்பாதை ஆகிய மூன்றும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே தொழிலாகத் தோன்றினாலும், உள்ளே வெவ்வேறு வாழ்க்கைகள்.

மூன்றுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடலாம். வெடிபொருளைத் தொடும் எந்த வேலையும் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டது. அதை வாங்கவும் வைத்திருக்கவும் இடம் மாற்றவும் பயன்படுத்தவும் காவல்துறையின் அனுமதி வேண்டும். குவாரியிலோ, கனிமவள, புவி அறிவியல் துறையின் கண்காணிப்பும் சேர்ந்துகொள்கிறது. 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டது குவாரியோடு தொடர்பில்லாத சம்பவம்தான்; ஆயினும் வெடிபொருள் என்றதும் அதிகாரிகளின் முகம் இறுகுவதற்கு அந்த நினைவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆகவே, போலீஸ் பதிவில் பெயர் ஏறியிருக்கும் இளைஞருக்கு இந்தக் கதவு எளிதில் திறக்காது. கூட்டாளிகளோடு சேர்ந்து சண்டையில் சிக்கிய சின்ன வழக்காக இருந்தாலும் அது இங்கே வந்து நிற்கும். சுத்தமான பதிவு இருந்தாலும் முதல் நாளே யாரும் ஷாட்பயரர், அதாவது பொறுப்பேற்று வெடி வைப்பவர், ஆவதில்லை. மூட்டை தூக்கி, குழி அளந்து, குழியின் வாயை ஜல்லியால் மூடும் உதவியாளாகத்தான் எவரும் தொடங்குகிறார்.

சுண்ணாம்பு மலையை நான் முதலில் வைக்கிறேன். வீட்டுக்குப் பக்கம் என்பது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் கல் சிமெண்ட் ஆலைக்கும், காகிதம், சாயம், பிளாஸ்டிக் ஆகியவற்றில் கலக்கும் கால்சியம் கார்பனேட் பொடிக்கும் போகிறது. சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் அடுத்தடுத்துக் குவாரிகள் இருப்பதால் ஓரிடம் சரியில்லையென்றால் வேறிடம் போக வழியுண்டு. கல்லும் கருங்கல்லைவிட மென்மையானது என்பதால் துளைக்கும் வேலை விரைவாக நடக்கும். அவ்வளவு சொன்ன பிறகு, இந்தக் கல்லின் கெட்ட குணத்தையும் சொல்ல வேண்டும். மழைநீர் பல காலமாகக் கரைத்துக் கரைத்து மலைக்குள் பொந்துகளையும் பிளவுகளையும் உண்டாக்கி வைத்திருக்கிறது. குவா தெம்புருங் போன்ற குகைகளில் மக்கள் சீட்டு வாங்கிப் பார்க்கும் அதே வேலைப்பாட்டின் சிறிய வடிவங்கள்தாம் குவாரிப் பாறையின் உள்ளேயும் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் தெரியாது. துளைக்கும்போது கம்பி திடீரென்று எதிர்ப்பின்றி இறங்குவதும், வெள்ளைப் பொடிக்குப் பதிலாகச் செம்மண் சேறு வெளியே வருவதும்தான் அதற்கு அடையாளம். துளைப்பவர் அதைக் குறித்துவைத்து வெடி வைப்பவரிடம் சொல்லாவிட்டால் வேறு எவருக்கும் தெரியப்போவதில்லை.

குழியில் வெடிமருந்து நிரப்பும் நேரத்தில் உதவியாளின் கையில் ஓர் அளவு நாடா இருக்கும். அதன் நுனியில் ஒரு கனம் கட்டியிருப்பார்கள். குறிப்பிட்ட அளவு மருந்து ஊற்றியதும் நாடாவை இறக்கி, மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கணக்குப்படி ஒரு மீட்டர் ஏறியிருக்க வேண்டிய இடத்தில் நாடா அசையாமல் பழைய ஆழத்தையே காட்டினால், மருந்து குழியில் தங்காமல் பக்கத்துப் பொந்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அவசரக்காரர் அப்போது இன்னும் இரண்டு மூட்டையை ஊற்றுவார். பொந்தில் குவிந்த அந்த மருந்து வெடிக்கும்போது, கல் வேலியைத் தாண்டிப் பறந்துபோய் எவர் வீட்டுக் கூரையிலோ விழும். மட்டம் ஏறாத குழியில் கையை எடுத்துவிடு என்பதைத்தான் மூத்தவர்கள் இளையவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொந்தைக் கடந்து மேலே வரும் வரை ஜல்லியால் அடைத்துவிட்டு அதன்பிறகே மீண்டும் நிரப்புவதா, அந்தக் குழியையே விட்டுவிடுவதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு ஷாட்பயரருடையது. இந்தக் கவனத்தைச் சுண்ணாம்பு மலை கற்றுத்தருவதுபோல வேறெதுவும் கற்றுத்தராது.

மலை தானாகவும் விழும் என்பதை மறக்கக் கூடாது. 1973இல் ஈப்போவின் குணோங் சீரோவில் பாறை பெயர்ந்து விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்ததை அங்குள்ள கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குப் போய்வரும் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2022 மார்ச்சில் கெராமாட் பூலாய் குவாரி ஒன்றில் சரிவு ஏற்பட்டு இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆகவே, நேர்காணலுக்குப் போகும்போது மேலாளரின் பேச்சைக் கேட்பதோடு நிற்காமல், குவாரியின் முகப்பைச் சற்று நின்று பார்த்துவர வேண்டும். படிப்படியாக வெட்டி இறங்கியிருந்தால் நல்லது. ஒரே செங்குத்துச் சுவராக நின்று, அடியில் மட்டும் கல் எடுத்துக்கொண்டிருந்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் திரும்பிவந்துவிடுவதே சரி.

கருங்கல் குவாரி பேராக்கிலும் உண்டு. ஆயினும் சாலைக்கும் கட்டடத்துக்கும் ஜல்லி மிகுதியாகத் தேவைப்படுவது கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றி என்பதால், இந்த வேலைக்கு ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கலாம். உள்ளே பொந்து கிடையாது, வெடி கணக்குப்படி நடக்கும் என்று இதை உயர்த்திப் பேசுவார்கள். அது பாதி உண்மை. வெப்ப மண்டல மழையில் மேற்பகுதி சிதைந்து மண்ணாகி, அந்த மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் புதைந்து கிடக்கும். குழியின் ஒரு பாதி பாறையிலும் மறுபாதி மண்ணிலும் அமைந்துவிட்டால், வெடியின் வேகம் இளகிய பக்கமாகவே வெளியேறும். பெரிய உருண்டைகளை உடைக்கத் தனியாக வெடி வைப்பதே ஒரு காலத்தில் அதிகம் கல் பறக்கும் வேலையாக இருந்தது. இப்போது பல இடங்களில் எந்திரச் சுத்தியல் அதைச் செய்துவிடுகிறது.

என்னைத் தயங்கவைப்பது வேறொன்று. கருங்கல்லில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, கணிசமாக இருக்கிறது. அதன் நுண்தூள் நுரையீரலில் படிந்து பல ஆண்டுகள் கழித்துச் சிலிக்கோசிஸ் நோயாக வெளிப்படுகிறது. சுண்ணாம்புத் தூளும் நல்லதல்ல என்றாலும் அதில் சிலிக்கா மிகக் குறைவு. வெடி வைப்பவர் துளைக்கும் எந்திரத்தின் அருகிலேயே நாளெல்லாம் நடமாடுகிறார் என்பதால், எந்திரத்தில் தூசி உறிஞ்சும் அமைப்பு வேலை செய்கிறதா என்று கேட்பது சம்பளத்தைக் கேட்பதைவிட முக்கியம். விபத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். தூசிக்குப் பயப்படுகிறவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

சுரங்கப்பாதை வேலைக்கு ஒரு பெருமை உண்டு. ஈப்போ-பாடாங் பெசார் இரட்டை ரயில் தடத்துக்காகப் புக்கிட் பெராப்பிட்டில் குடைந்த பாதை சுங்கை சிப்புட்டிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பகாங்கிலிருந்து சிலாங்கூருக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கம் 44.6 கிலோமீட்டர் நீளமுடையது. ஆனால் அதன் பெரும்பகுதியைத் துளைத்தது எந்திரம். வெடிக்குக் கிடைத்தது மீதிதான். கோலாலம்பூர் நகருக்கு அடியில் எம்.ஆர்.டி. ரயில் பாதைகளும் எந்திரத்தாலேயே குடையப்பட்டன. இந்தப் பிரிவில் வேலை சுருங்கிக்கொண்டே வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் நுழைய வேண்டும். உள்ளே ஒருமுறை வெடித்தால் சில மீட்டர்தான் முன்னேற முடியும். நடுக்குழிகள் முதலில் வெடித்து இடம் உண்டாக்க, சுற்றியுள்ளவை வரிசையாகத் தொடர்ந்து, ஓரக் குழிகள் கடைசியில் சுவரை ஒழுங்காக வெட்டிக் கொடுக்கின்றன. நுணுக்கம் கற்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் திறந்த வெளியில் காற்று அடித்துப்போகும் புகை இங்கே நின்றுவிடுகிறது. கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் விசிறிகளால் வெளியேற்றப்பட்டு, வாயுவை அளந்து பார்த்த பிறகே உள்ளே போகலாம். இரவு பகல் என்று ஷிப்ட் மாறும். திட்டம் முடிந்ததும் வேலையும் முடியும். கல்யாணத்துக்கு முன் இரண்டொரு திட்டங்களில் பழகிவர விரும்புகிறவருக்கு ஏற்றது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கு ஏற்றதல்ல.

மின்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டின் பிற்பகல் இடிமழை வெடிவைப்பவருக்குப் பெரிய எதிரி. வெடிமருந்தைத் தூண்டிவிடும் சிறு வெடிப்பான்தான் டெட்டனேட்டர். மின்கம்பி வழியே வெடிக்கும் பழைய டெட்டனேட்டர் தவறான மின்சாரத்துக்கு எளிதில் ஆட்படும். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே அதிர்வலையாகச் செய்தி கடத்தும் நோனெல் முறை இந்தப் பயத்தைப் பெரிதும் குறைத்தது. ஒவ்வொரு குழிக்கும் மில்லிசெகண்டுக் கணக்கில் நேரம் குறிக்கக்கூடிய எலக்ட்ரானிக் டெட்டனேட்டர் வீடுகளுக்கு அருகிலுள்ள குவாரிகளில் நில அதிர்வைக் குறைக்க உதவுகிறது, விலைதான் கூடுதல். எந்த முறையானாலும் இடிச்சத்தம் கேட்டால் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். அதற்காகப் பாதி நிரப்பிய குழிகளைக் காவலோடு விட்டு வரும் நிர்வாகம் நல்ல நிர்வாகம். மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று விரட்டும் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) நிற்க வேண்டாம்.

சம்பளத்தில், 2025இல் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தபின் உதவியாளின் அடிப்படைச் சம்பளத்தில் மூன்று இடங்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. வேறுபாடு கூடுதல் நேரத்திலும் படியிலும் வருகிறது. குவாரியே நேரடியாக வேலைக்கு எடுக்கிறதா, வெடிவைப்புக் குத்தகைக்காரர் எடுக்கிறாரா என்று பார்த்து, இ.பி.எஃப். (சேமநிதி) மற்றும் சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) சந்தா முதல் மாதத்திலிருந்தே கட்டப்படுகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நாலாவதாக ஒரு வழியும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசுவார் இல்லை. வெடிமருந்துக் கிடங்கின் பொறுப்பாளர் வேலை அது. டெட்டனேட்டரையும் மருந்தையும் தனித்தனிக் கட்டடத்தில் வைத்து, காலையில் எத்தனை போயின, மாலையில் எத்தனை திரும்பின என்று பதிவேட்டில் எழுதி, ஒன்று குறைந்தாலும் உடனே மேலிடத்துக்கும் போலீசுக்கும் அறிவிக்க வேண்டிய பொறுப்பு. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதும் ஒழுங்கு வீட்டிலேயே வந்திருக்கும் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மலை ஏற முடியாத வயதிலும் இந்த வேலையில் இருக்கலாம். ஆனால் இருபது வயதில் நேராக இதற்குப் போகிறவர் கல்லையே அறியாமல் போய்விடுவார். சுண்ணாம்புக் குவாரியில் ஒரு மூத்த ஷாட்பயரருக்குக் கீழே சில ஆண்டுகள் இருந்துவிட்டு, முதுகு வலிக்கத் தொடங்கும்போது கிடங்குச் சாவியைக் கேட்கலாம்.