வீட்டில் டவர், சிங்கப்பூரில் அழைப்பு: எந்த சிம் கைகொடுக்கும்?

போனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும், பேசினால் குரல் வெட்டும். கான்கிரீட் வீடுகளில் இது தினசரிப் புகார். அந்தக் கோடுகளை நம்ப வேண்டாம், ஒவ்வொரு கம்பெனி போனும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ‘அபௌட் போன்’ போய் ‘சிம் ஸ்டேட்டஸ்’ திறந்தால் சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் எண் இருக்கும். 4ஜியில் -85 என்றால் அருமை. -105க்குக் கீழே போனால் உள்ளறையில் திணறும். -115க்குக் கீழே இறங்கினால் பேச்சு அறுந்துபோகும். ஹாலில் ஒருமுறை, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கையறையில் ஒருமுறை பார்த்துவிட்டு சிம்மை முடிவு செய்யுங்கள்.

சுவரைத் துளைப்பது குறைந்த அலைவரிசைதான். ஜியோ 5ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸும் இருப்பதால் உள்ளறை வரை எட்டும். ஏர்டெல் 5ஜி பெரும்பாலும் 3500இல் ஓடுகிறது. ஜன்னலோரம் பறக்கும், உள்ளே தளரும். ஆனால் பேச்சு என்று வந்தால் ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் மூன்றுக்கும் 2ஜி என்ற பிடிமானம் உண்டு. ஜியோவில் அது கிடையாது, வோல்ட்இ (4ஜி வழியே பேசும் வசதி) போனால் அழைப்பும் போச்சு. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கைப் போட்டுவிடுங்கள். ஜியோவிலும் ஏர்டெலிலும் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

சிங்கப்பூர் போனால் கணக்கே வேறு. அங்கே 2ஜியை 2017லும் 3ஜியை 2024லும் மூடிவிட்டார்கள். ஊரில் காப்பாற்றிய அந்தப் பிடிமானம் அங்கே எந்த சிம்முக்கும் இல்லை. ரோமிங்கில் பேச வேண்டுமானால் வோல்ட்இ ரோமிங் வேண்டும்; அதற்கு உங்கள் போன், இங்குள்ள நிறுவனம், அங்குள்ள நிறுவனம் மூன்றும் ஒத்துவர வேண்டும். ஒன்று இடறினாலும் அழைப்பு போகாது. சில போன்கள் பேச்சுக்கு வழியில்லை என்று 4ஜியையே உதறிவிட்டு, இல்லாத 2ஜியைத் தேடிக்கொண்டு ‘நோ சர்வீஸ்’ காட்டும். பழைய போன்களிலும், வேறு நாட்டில் வாங்கிய போன்களிலும் இது அதிகம். ரோமிங் பேக் போடுவதற்கு முன்பே, உங்கள் போன் மாடலைச் சொல்லி வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டேட்டாவுக்கு ரோமிங் பேக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த டேட்டா பெரும்பாலும் இந்தியாவுக்கு வந்து திரும்புவதால் வீடியோ கால் இழுக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கேயே ஒரு ப்ரீபெய்ட் சிம் வாங்குங்கள். நம்மூர் சிம்மை இரண்டாவது இடத்தில் வைத்து, அதில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஐபோனில் ‘அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்’கையும் அணைக்க வேண்டும், மறந்தால் பில் எகிறும். வங்கி ஓடிபிக்கு நம்மூர் சிம் அவசியம். வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் ரோமிங் சேவையை விமானம் ஏறும் முன்பே ஆன் செய்திருக்க வேண்டும். வருகிற அழைப்பை எடுத்தால் நிமிடக் கணக்கில் காசு.

ரோமிங் ஆன் செய்த சிம்மோடு தனுஷ்கோடி போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: கடற்கரையில் இலங்கை டவர் பிடித்துக்கொள்ளலாம். நெட்வொர்க் தேர்வை ‘ஆட்டோமேட்டிக்’கிலிருந்து மாற்றி, உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டு இறங்குங்கள்.